ஸ்பாட்டிலிருந்து வீட்டுக்கு

கொங்குப் பக்கம் எழவு வீட்டுக்குப் போய்வந்தால் நேராக வீட்டுக்குள் நுழைய முடியாது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பொறக்கடைப் பக்கமாகச் சுற்றிப் போய், தலைக்கு ஊற்றிக்கொண்டு, கட்டியிருந்த துணியை நனைத்துப் போட்ட பிறகுதான் அடுப்படிப் பக்கம் வரலாம். குழந்தையைத் தூக்குவதும் அதற்கப்புறம்தான். தீட்டு என்று சொல்லிச் செய்தது. ஆனாலும் சாவைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அது அரை மணி நேரம் வாங்கிக் கொடுத்தது. வாரம் தவறாமல் பிரேதம் பார்க்கும் கிரைம் நிருபருக்கு அந்த அரை மணி நேரம் இல்லை. ஜி.ஹெச். மார்ச்சுவரி வாசலிலேயே பைக் சீட்டில் சாய்ந்தபடி நாலு பாரா தட்டி, படத்தை அனுப்பி, “பைட் எங்கே?” என்று பேட்டித் துண்டு கேட்டு வரும் போனுக்குப் பதில் சொல்லிவிட்டு, அதே சட்டையோடு மகளை டியூஷனிலிருந்து கூட்டிவரப் போவார்.

பத்திரிகையாளர் மனநலம் என்றால் போர்முனை, நிலநடுக்கம் என்றே பேசுகிறார்கள். இங்கே அது பல்லடம் சாலையில் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் செய்தி சேகரிப்பவர்களில் பெரும்பாலானோர் தாலுகா நிருபர்கள். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துத் தருவதும் அவர் வேலைதான். செத்தவர் தூரத்துச் சொந்தமாக இருப்பார். கைதானவர் மகனின் பள்ளித் தோழனுக்கு அப்பாவாக இருப்பார். வெளியூரிலிருந்து வரும் சிறப்பு நிருபர் இரண்டு நாளில் கிளம்பிவிடுவார். தாலுகா நிருபர் நாளைக்கும் அதே கறிக்கடையில்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து 17 பேர் இறந்தார்கள். 2020 பிப்ரவரி 20 அதிகாலை அவிநாசி அருகே கேரள அரசுப் பேருந்தும் கண்டெய்னர் லாரியும் மோதி 19 பேர். இடையில் 80 நாள். கோவை, திருப்பூரில் இரண்டு இடத்துக்கும் போனவர்கள் உண்டு. அடுத்த மாதமே கொரோனா வந்தது. 2025 செப்டம்பர் 27 இரவு கரூர் வேலுச்சாமிபுரம் நெரிசலில் 41 பேர். அந்த மாதிரி இரவுகளில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் நிருபரின் வேலை செத்தவர்களின் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே இருப்பதுதான். ஒவ்வொரு ஆம்புலன்ஸ் வரும்போதும் எட்டிப் பார்த்து, எண்ணிக்கையை உறுதி செய்து, வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். குழந்தை என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த எண்ணும் வேலை தலைக்குள் நெடுநாள் தங்குகிறது. மாதம் கழித்தும், கடையில் சில்லறை எண்ணும்போது கை நிற்கும்.

உடம்பு எப்படிச் சொல்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் எங்கள் ஊரில் யாரும் “மனசு சரியில்லை” என்று ஆரம்பிப்பதில்லை. “கேஸ் டிரபுளுங்க”, “நெஞ்சு படபடங்குது, ஈ.சி.ஜி. பார்த்தேன், ஒண்ணுமில்லைன்னுட்டாங்க”, “தூக்கம் புடிக்கல” என்பார்கள். பார்க்க வேண்டியவை இவை: அதே காட்சி கேட்காமலே கண்முன் வருவது; டீசல் வாசனையோ பினாயில் வாசனையோ பட்டதும் ஸ்பாட் ஞாபகம் வருவது; அந்த ரோட்டைத் தவிர்த்துச் சுற்றிப் போவது; போன் அடித்தாலே தூக்கிவாரிப் போடுவது; வீட்டில் அற்பத்துக்குக் கத்துவது; எதுவும் உறைக்காமல் மரத்துப் போவது. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் ஏமாற்றும். “அவன் கல்லு மாதிரி, எதையும் தாங்குவான்” என்று அடுத்த விபத்துக்கும் அவரையே அனுப்புவார்கள்.

இவையெல்லாம் முதல் சில நாட்கள் வருவது நோய் இல்லை. பெரும்பாலானோருக்கு ரெண்டு மூணு வாரத்தில் தானாகத் தணியும். மூன்று நாளுக்கு மேல் விடாமல் வாட்டி, வேலையையும் வீட்டையும் கெடுத்தால் அதைக் கடும் மன அழுத்தக் கோளாறு என்பார்கள். ஒரு மாதம் தாண்டியும் போகாவிட்டால், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறா என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். ஆகவே சம்பவத் தேதியை நாட்காட்டியில் குறித்து, முப்பதாவது நாளில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். அன்றைக்கும் தூக்கம் கெட்டிருந்தால் “இன்னும் கொஞ்சம் பார்ப்போம்” என்பது வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு, அது சம்பவத்தால் வருவதில்லை. வேலையின் தேய்மானம். எதிலும் பிடிப்பில்லாமல், எல்லாச் செய்தியும் ஒன்றுபோலத் தெரிந்து, ஆளே காய்ந்துபோவது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய் வரிசையில் சேர்க்காமல், வேலை சார்ந்த நிலை என்று வகைப்படுத்தியது. இதற்கு மாத்திரை தந்து பலனில்லை. வேலையை மாற்றி அமைக்க வேண்டும்.

இப்போது போனுக்கு வருவோம். அதிகம் கெடுப்பதும், எளிதாகச் சரிசெய்யக்கூடியதும் அதுதான்.

2016 மார்ச் 13 உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலை சி.சி.டி.வி.யில் பதிவானது. மக்கள் அதை ஒரு தடவை பார்த்திருப்பார்கள். அலுவலகத்தில் செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் இருந்தவர்கள் எங்கே வெட்டுவது, எங்கே மங்கலாக்குவது, எந்த நொடியில் நிறுத்துவது என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்பாட்டுக்குப் போகாதவருக்கு என்ன பாதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. 2013இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த ஆய்வில், அந்த வாரம் தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளைப் பார்த்தவர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிக அழுத்த அறிகுறிகளைச் சொன்னார்கள். அதே 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பும், திரையில் பார்ப்பதைப் பொதுவாக அதிர்ச்சிக் கணக்கில் எடுக்காவிட்டாலும், வேலைக்காகப் பார்ப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எடிட்டிங் அறையில் உட்கார்ந்திருப்பவரும் ஆபத்தான இடத்தில்தான் இருக்கிறார்.

செய்ய வேண்டியது இது. முதல் தடவை ஒலியை முழுக்க நிறுத்திவிட்டுப் பாருங்கள். அலறல் சத்தம் படத்தைவிட ஆழமாக இறங்கும். ஒலி தேவையென்றால் படத்தை மூடிவிட்டுத் தனியாகக் கேளுங்கள். வீடியோ ஓடும் ஜன்னலைத் திரையின் கால்வாசி அளவுக்குச் சுருக்குங்கள். வண்ணத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் ரத்தக் காட்சியின் தாக்கம் குறையும். தேவையான நொடிகளைக் குறித்துக்கொண்டதும் மூலத்தைத் திரும்ப ஓட்டாதீர்கள். குறித்த துண்டிலேயே வேலை செய்யுங்கள். செத்தவரின் முகத்தையும் கையையும் தேடித் தேடிப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வரும். அந்த இடத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி மறைத்துவிடுங்கள். சிரிப்பாகத் தோன்றலாம், வேலை செய்கிறது. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து வெளியே வாருங்கள். படுக்கப் போகும் முன் கடைசி வேலையாக இதைச் செய்யாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் மாவட்டக் குரூப்புகள் பத்துப் பதினைந்து இருக்கும். போலீஸ் குரூப், ஆம்புலன்ஸ் டிரைவர் குரூப், கட்சி குரூப் என்று எல்லாவற்றிலும் படம் வந்து விழும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்பதற்குள் போய், மீடியா ஆட்டோ டவுன்லோடில் மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீங்கள் தொட்டால்தான் படம் திறக்கும். சாட்ஸ் என்பதற்குள் மீடியா விசிபிலிட்டியையும் அணையுங்கள்; வரும் படங்கள் கேலரியில் ஏறாது. ஏற்கெனவே ஏறியவை அப்படியேதான் இருக்கும், அவற்றைக் கையால்தான் நகர்த்த வேண்டும். கூகுள் போட்டோஸில் வாட்ஸ்அப் ஃபோல்டருக்கு பேக்கப்பை நிறுத்துங்கள். இது ஏன் முக்கியம் என்றால், அந்தச் செயலிக்குச் சாவும் பிறந்தநாளும் ஒன்றுதான். ஒரு வருஷம் கழித்து “இதே நாளில்” என்று பாட்டு போட்டு எடுத்துக்காட்டும். அப்போது போன் பிள்ளை கையில் இருக்கும்.

உடனே எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். வழக்கு, மறுப்பு, சம்மன் என்று வந்தால் மூலப் படம் தேவைப்படும். தேதியும் ஊரும் போட்ட ஃபோல்டரில் பென் டிரைவுக்கோ அலுவலகக் கம்ப்யூட்டருக்கோ மாற்றிவிட்டு, பிறகு போனிலிருந்து நீக்குங்கள். ஃபோல்டர் பெயரிலேயே “குரூரம்” என்று எழுதிவையுங்கள். பொங்கல் படம் தேடுகிற இன்னொருவர் தெரியாமல் திறந்துவிடக்கூடாது. படத்தை டெஸ்க்குக்கு அனுப்பும்போதும் முன்னால் ஒரு வரி: “பிரேதம் இருக்குங்க, முகம் தெரியுது.” அந்த ஒரு வரி இருந்தால் எதிர்முனையில் இருப்பவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டுத் திறப்பார்.

ஸ்பாட்டில் கேமராக்காரருக்கு ஒரு சிக்கல். லென்ஸ் வழியாகப் பார்க்கும்வரை எதுவும் ஆகாது. கேமராவை இறக்கியதும் ஆகும். பெரிய விபத்தில் தனியாக அனுப்பாமல் இருவராக அனுப்புவது இதற்குத்தான். முடிந்ததும் பைக்கை எடுக்கும் முன் பத்து நிமிடம் நிறுத்துங்கள். முகம், கை, கால் கழுவிக்கொண்டு, நாலு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து ஆறு எண்ணும் நேரம் விடுவது என்று ஐந்து நிமிடம். விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். அதுதான் படபடப்பைக் குறைக்கும். வண்டியில் ஒரு மாற்றுச் சட்டை இருக்கட்டும். வீடு போனதும் பொறக்கடை வழியே போய்க் குளிப்பதை மூடநம்பிக்கை என்று விட்டவர்களும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், நஷ்டமில்லை.

எழவு வீட்டில் போட்டோ கேட்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரேதம் இன்னும் வீட்டுக்கு வரவில்லை, பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள், அப்போது போய் “பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒண்ணு கிடைக்குமுங்களா?” என்று கேட்க வேண்டும். பயம் போய்விடும், குற்ற உணர்ச்சி போவதில்லை, வருஷக்கணக்கில் ஊறும். வழி: அம்மாவிடமோ மனைவியிடமோ கேட்காதீர்கள். பந்தல் போட நிற்கும் பங்காளியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ மட்டும் கேளுங்கள். பேரையும் பத்திரிகையையும் முதலில் சொல்லுங்கள். ஆல்பத்தை வாங்கிவராமல், அங்கேயே போனில் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். வேண்டாம் என்றால் கிளம்பிவிடுங்கள். டெஸ்க்குக்குச் சொல்ல “வீட்டார் மறுத்தனர்” என்ற இரண்டு சொல் போதும் என்று அலுவலகம் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஒத்துக்கொள்ளாத இடத்தில்தான் நிருபர் பொய் சொல்லிப் போட்டோ வாங்குகிறார், அப்புறம் தூங்காமல் கிடக்கிறார்.

மிரட்டலைச் சமாளிக்கவும் ஒழுங்கு தேவை. 2024 ஜனவரியில் பல்லடம் அருகே, ஒரு கும்பல் பின்தொடர்கிறது என்று போலீசுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்த தொலைக்காட்சி நிருபர் வெட்டப்பட்டுப் படுகாயமடைந்தார். அதற்கப்புறம் இந்தப் பக்கத்து நிருபர்களுக்குப் பின்னால் ஒரு கார் மெதுவாக வந்தாலே வயிறு கலங்குவது கற்பனை இல்லை. ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள்: தேதி, மணி, எண், சொன்ன வார்த்தை அப்படியே, யாரிடம் தெரிவித்தோம். திரைப்பதிவை அலுவலகத்தில் ஒருவருக்கும் வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். மிரட்டலைத் தனியாகத் தலையில் சுமக்காமல் காகிதத்தில் இறக்கிவைத்தாலே தூக்கம் கொஞ்சம் வரும். புகார் கொடுக்கும்போதும் உதவும். குவாரிக்காரனின் மிரட்டலைவிடக் கஷ்டமானது இன்னொன்று. சாதிக் கொலைச் செய்தி வந்த மறுநாள் சொந்தச் சித்தப்பா போன் செய்வார்: “நம்ம பையனா இருந்துக்கிட்டு நீயே எழுதலாமா கண்ணு?” அவரை வழக்கில் சேர்க்க முடியாது. இதற்கு நாங்கள் கண்ட ஒரே மருந்து, அந்தச் செய்திக்குத் தாலுகா நிருபரின் பெயரைப் போடாமல் மாவட்ட அலுவலகம் பொறுப்பேற்பது.

அலுவலகம் செய்யக்கூடியது இன்னும் நிறைய. சட்டம் புதிதாக வர வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமே தொடர்ந்த நான்கு வாரத்துக்கு அதிகபட்சம் 144 மணி நேர வேலை, ஏழு நாளில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு என்றது. 2020ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே 144ஐ வைத்திருக்கிறது. மின்னணு ஊடகத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு 36 மணி. இதைப் படித்துச் சிரிக்காத நிருபரை நாங்கள் பார்த்ததில்லை. போகட்டும், 24 மணி நேர ஓய்வையாவது போன் சேர்த்து ஓய்வாக்கலாம். அந்த நாளில் அவர் தாலுகாவுக்கு யார் பொறுப்பு என்று பக்கத்துத் தாலுகாக்காரர் பெயரைத் தாளில் எழுதி ஒட்டினால், குரூப்பிலிருந்து வெளியே இருக்கலாம். பெயர் எழுதாத ஓய்வு ஓய்வில்லை. “சின்ன விஷயம்தான், ஒரு போன் போட்டுக் கேட்டுடு” என்று ஆரம்பித்துவிடும்.

பெரிய சம்பவம் நடந்த மறுநாளே எல்லோரையும் உட்காரவைத்து “என்ன பார்த்தே, எப்படி இருந்தது, எல்லாத்தையும் கொட்டு” என்று வற்புறுத்தாதீர்கள். ஒரே அமர்வில் நடக்கும் இந்த மாதிரிக் கட்டாயக் கொட்டலால் பலனில்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். பேச விரும்பினால் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். வேலைச் சுழற்சி அதைவிட உதவும். விபத்துக்குப் போனவருக்கு அந்தப் பின்தொடர் செய்திகள் எல்லாம் தர வேண்டாம். போஸ்ட்மார்ட்டம் ஒருவர், இறுதிச் சடங்கு இன்னொருவர், நிவாரணம் வேறொருவர். 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் மூவரும், 2025இல் சிவகிரி அருகே முதிய தம்பதியும் கொல்லப்பட்டபோது மாதக்கணக்கில் பின்தொடர் செய்தி இருந்தது. தோட்டத்து வீட்டிலேயே தானும் பெற்றோரும் வாழும் நிருபருக்கு அது வெறும் செய்தி இல்லை. இரவு நாய் குரைத்தால் அவர் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். அவருக்கு ஒரு வாரம் மஞ்சள் மார்க்கெட் விலையைக் கொடுங்கள்.

தூக்கத்தைப் பற்றி. இரவு எட்டு மணிக்குக் குடித்த ஸ்ட்ராங் டீயின் கஃபீன், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் கழித்தும் பாதி உடம்பில் இருக்கும். எடிஷன் முடியப் பதினொன்று என்றால் ஆறு மணிக்கு மேல் சுக்குக் காபிதான். சரக்கு தூக்கத்தைக் கொண்டுவரும், பின்னிரவில் உடைத்துவிடும். கெட்ட கனவு அந்த நேரத்தில்தான் வரும். மருந்துக் கடைக்காரர் நண்பர் என்பதால் டாக்டர் சீட்டு இல்லாமல் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரையை வாங்குவது நிருபர்களிடம் இருக்கும் பெரிய அபாயம். சில வாரத்திலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

டாக்டரிடம் போவது என்றால் இங்கே முதல் கவலை: “அங்க டூட்டில இருக்கிற ஆள் எல்லாம் தெரிஞ்சவங்களாச்சே.” ஜி.ஹெச். மனநலப் பிரிவு வாசலில் நிருபர் நின்றால் செய்திக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள் என்பது ஒரு வசதி. அது ஒத்துவராவிட்டால் பக்கத்து மாவட்டத்துக்குப் போகலாம். முதலில் பேச மட்டும் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் இதை ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்று 2022இல் தொடங்கினார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆம் பிரிவு சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. 24ஆம் பிரிவு, சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது. நம் கையைக் கட்டும் பிரிவு என்று நினைத்தோம், நம்மையும் காக்கிறது. காப்பீட்டு நிறுவனம் உடல்நோய்க்குத் தருவதுபோல மனநோய்க்கும் தர வேண்டும் என்று 21ஆம் பிரிவில் இருக்கிறது. பாலிசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

டாக்டர் மனச்சோர்வு மாத்திரை எழுதினால் முதல் வாரம் குமட்டலும் ஒருவிதப் பரபரப்பும் வரலாம். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். பலர் சில நாளிலேயே “கேக்கலைங்க” என்று விட்டுவிடுவது இதனால்தான். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். அதிர்ச்சிக்கான பேச்சு சிகிச்சை வழக்கமாக எட்டிலிருந்து பன்னிரண்டு அமர்வுகள். வாரம் ஒன்று என்றால் இரண்டு மூன்று மாதம். எந்தக் கிழமை என்று டெஸ்க்கிடம் முன்பே சொல்லிவிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, “ஆஸ்பத்திரி” போதும்.

சக நிருபர் “இருந்து என்ன பண்ணப் போறேன்” என்று சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. ஆமாம் என்றால் தனியாக விடாமல் உடன் இருந்து, வீட்டாரில் ஒருவரை வரவழைத்து, அன்றைக்கே கூட்டிப் போங்கள். அவர் மறுத்தாலும் 14416க்கு நீங்கள் போன் செய்து கேட்கலாம்.

மாவட்ட அலுவலகத்தில் இரவு டூட்டியில் இருப்பவருக்கு ஒரு வேலை மட்டும் கூடுதலாகச் சொல்லியிருக்கிறோம். பெரிய ஸ்பாட்டுக்குப் போனவருக்கு மறுநாள் காலை ஒரு போன். “சாப்ட்டீங்களா?” என்று கேட்கக்கூடாது. எங்கள் ஊரில் அதற்குப் பழக்கத்தில் “ஆச்சுங்க” என்றுதான் பதில் வரும். “நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க?” என்று கேட்க வேண்டும். மணி சொன்னால் சரி. “படுக்கவே இல்லைங்ணா” என்று வந்தால் காரணம் விசாரிக்காமல், அன்றைய போஸ்ட்மார்ட்டத்துக்குப் பக்கத்துத் தாலுகாக்காரரை அனுப்பிவிட வேண்டும்.